அப்பா எழுதிய உயில் கையில் இருக்கு... அடுத்து எந்த வக்கீலைப் பார்ப்பது?

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்குக் கிளம்பிய பிறகுதான் பெரும்பாலான வீடுகளில் பீரோவைத் திறக்கிறார்கள். பாஸ்புக், எல்.ஐ.சி. பாலிசி, வீட்டுக் கிரயப் பத்திரம் எல்லாவற்றுக்கும் நடுவே நாலாக மடித்த உயில் ஒன்று கிடைக்கும். அதைப் படித்து முடித்ததும் சித்தப்பாவோ மாமாவோ, “இதுக்கு கோர்ட்ல புரோபேட் வாங்கணும்பா, நல்ல வக்கீலா பாரு” என்பார். அன்று இரவே மகனோ மகளோ போனை எடுத்து ‘புரோபேட் லாயர் சென்னை’ என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

தேடலில் முதலில் வரும் நம்பருக்கு போன் போடும் முன் ஒரு விஷயம். சித்தப்பா சொன்னது பல தலைமுறைகளாக உண்மையாக இருந்தது. இப்போது சட்டம் மாறிவிட்டது.

கட்டாயம் போய்விட்டது

இறந்தவர் எழுதிய உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டு, அதன் நகலில் முத்திரை போட்டு, சொத்தை நிர்வகிக்கும் அதிகாரத்தையும் சேர்த்துத் தருவதுதான் புரோபேட். யாருக்குத் தருவார்கள்? ‘என் உயிலை இவர் நிறைவேற்ற வேண்டும்’ என்று உயிலிலேயே பெயர் குறிப்பிடப்பட்டவருக்கு. பத்திர பாஷையில் எக்ஸிகியூட்டர். அப்படி யார் பெயரையும் எழுதாமல் விட்டிருந்தால், புரோபேட்டுக்குப் பதிலாக உயிலோடு இணைந்த நிர்வாக உரிமை ஆவணம் கேட்டு மனு போட வேண்டும்.

1925-ம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 213-வது பிரிவு ஒரு விசித்திரமான எல்லைக்கோட்டைப் போட்டு வைத்திருந்தது. சென்னை, மும்பை, கொல்கத்தா என்ற பழைய மூன்று மாகாணத் தலைநகரங்களின் உயர் நீதிமன்ற எல்லைக்குள் இந்துக்கள் எழுதிய உயில், அல்லது அந்த எல்லைக்குள் இருக்கும் வீடு, மனை பற்றிய உயில் என்றால் புரோபேட் இல்லாமல் நீதிமன்றத்தில் உரிமை கேட்க முடியாது. மதுரையில் இருக்கும் வீட்டுக்கு மதுரையிலேயே உயில் எழுதினால் இந்தக் கட்டாயம் இல்லை. மயிலாப்பூர் வீடு என்றால் உண்டு. இஸ்லாமியர்களுக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 2002-ல் விலக்கு கிடைத்தது. மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய நீக்கல் மற்றும் திருத்தச் சட்டம், இந்த 213-வது பிரிவை எடுத்துவிட்டது. மதத்தையும் ஊரையும் வைத்து ஒரே நாட்டில் இரண்டு விதி என்ற பாகுபாடு முடிவுக்கு வந்தது. வரவேற்க வேண்டிய மாற்றம்தான், தாமதமாக வந்தாலும்.

ஆனால் நீங்கியது கட்டாயம் மட்டுமே. புரோபேட் என்ற நடைமுறை அப்படியே இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் இன்றும் மனு போடலாம். முன்பு, “வேணுமா?” என்ற கேள்விக்கே சென்னைக்காரர்களுக்கு இடமில்லை. இப்போது அந்த முடிவு குடும்பத்தின் கையில். வக்கீலைத் தேடும் விதமும் அதற்கேற்ப மாற வேண்டும். “புரோபேட் வாங்கித் தர எவ்வளவு சார்?” என்று ஆரம்பிப்பதைவிட, “எங்க விஷயத்துல புரோபேட் தேவையா சார்?” என்று ஆரம்பிப்பதுதான் இனி சரி.

யாருக்குத் தேவைப்படலாம்?

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அப்பா இறந்துவிட்டார். அம்மா, ஓ.எம்.ஆரில் வேலை பார்க்கும் மகன், அமெரிக்காவில் இருக்கும் மகள். சென்னையில் ஒரு ஃபிளாட், கொஞ்சம் டெபாசிட், கொஞ்சம் பங்குகள். உயில் பதிவு செய்யப்பட்டது. மூன்று பேருக்கும் அதில் சம்மதம். இந்தக் குடும்பம் நீதிமன்றத்துக்குப் போகாமலேயே பல வேலைகளை முடித்துவிட வாய்ப்பு உண்டு. வாரிசுகள் எல்லாரும் ஒத்துப்போனால் விடுதலைப் பத்திரமோ, பாகப்பிரிவினைப் பத்திரமோ பதிவு செய்யும் வழியும் இருக்கிறது.

அதே குடும்பத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். உயிலில் மகளுக்கு எதுவும் இல்லை. அவளுக்கு அதில் வருத்தம். அல்லது, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது கையெழுத்துப் போட்ட உயில். அல்லது, முதல் மனைவியின் பிள்ளைகள் இருக்கிறார்கள். இங்கே புரோபேட் வாங்கி வைப்பது புத்திசாலித்தனம். காரணம், மற்ற வழக்குத் தீர்ப்புகள் வழக்காடியவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். புரோபேட் உத்தரவு உயிலின் உண்மைத்தன்மை விஷயத்தில் எல்லாரையும் கட்டுப்படுத்தும். பத்து வருஷம் கழித்து ஃபிளாட்டை விற்கப் போகும்போது, வாங்குபவரின் வக்கீல் “உயில் செல்லுமா?” என்று கேட்டால் காட்ட ஒரு காகிதம் இருக்கும். பங்குகளை மாற்றித்தரும் நிறுவனமோ, வீட்டுக்கடன் கொடுக்கும் வங்கியோ சட்டம் கட்டாயப்படுத்தாவிட்டாலும் தங்கள் பாதுகாப்புக்காகக் கேட்கக்கூடும்.

உயிலைப் பதிவு செய்துவிட்டால் யாரும் கேள்வி கேட்க முடியாது என்று நினைப்பவர்கள் அதிகம். அது தவறு. பதிவு என்பது நல்ல ஆதாரம், அவ்வளவுதான். உயிலில் கையெழுத்திட்ட இரண்டு சாட்சிகளில் ஒருவராவது நீதிமன்றத்தில் வந்து சொல்ல வேண்டும் என்பதே சட்டத்தின் பொது விதி. இருவரும் இறந்துவிட்டால் கையெழுத்தை வேறு வழியில் நிரூபிக்கலாம். ஆனால் அது கஷ்டமான பாதை. சாட்சி பக்கத்து வீட்டுத் தாத்தா என்றால், தள்ளிப்போடும் ஒவ்வொரு வருஷமும் ஆபத்து.

உயிலே இல்லையா? அப்படியானால் புரோபேட் என்ற பேச்சுக்கே இடமில்லை. இதைத் தெரியாமல் புரோபேட் வக்கீலைத் தேடி அலைபவர்கள் நிறைய. வாரிசுகள் யார் யார் என்று சொல்ல தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ். வங்கிப் பணம், கடன் பத்திரம், பங்கு போன்றவற்றை வசூலிக்க நீதிமன்றம் தரும் வாரிசுரிமைச் சான்றிதழ். பெயர் ஒரே மாதிரி இருந்தாலும் இரண்டும் வேறு வேறு. இரண்டாவதை வைத்து வீட்டையோ நிலத்தையோ மாற்ற முடியாது. வங்கிக் கணக்கு விஷயத்தில் ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் ஒரு நிவாரணம் தந்தது. நாமினி இல்லாத கணக்கில் 15 லட்சம் ரூபாய் வரை, கூட்டுறவு வங்கி என்றால் 5 லட்சம் வரை, தகராறு இல்லாத பட்சத்தில் நீதிமன்றச் சான்றிதழ் கேட்காமல் எளிய நடைமுறையில் தர வேண்டும் என்றது. நாமினி இருந்தால் பணம் அவர் கைக்கு வந்துவிடும். ஆனால், நாமினி என்பதற்காக மட்டுமே பங்குகளுக்கு ஒருவர் உரிமையாளர் ஆகிவிட மாட்டார் என்று உச்ச நீதிமன்றம் 2023 டிசம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

தேடினால் ஏன் கிடைப்பதில்லை?

பல் டாக்டர் வேண்டுமென்றால் ரேட்டிங் பார்த்துப் போகிறோம். வக்கீல் விஷயத்தில் அது நடக்காது, நடக்கவும் கூடாது என்கிறது விதி. வழக்கறிஞர்கள் விளம்பரம் செய்வதையும், ஆள் வைத்துக் கேஸ் பிடிப்பதையும் இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. 2008-ல் ஒரு சிறு தளர்வு வந்தது. பெயர், முகவரி, பதிவு எண், படிப்பு, எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்பது போன்ற விவரங்களை மட்டும் சொந்த இணையதளத்தில் போட்டுக்கொள்ளலாம். இணையத் தளங்கள் வழியாக வழக்கறிஞர்கள் ஆள் பிடிப்பதைக் கண்டித்து, நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் உத்தரவிட்டது.

அதனால், ‘நம்பர் 1 புரோபேட் நிபுணர்’, ‘30 நாளில் கேரண்டி’ என்று போனில் மின்னும் விளம்பரத்தைப் பார்த்தால் ஒரு முடிவுக்கு வரலாம்: அந்த வக்கீல் தன் தொழிலின் முதல் விதியையே மதிக்கவில்லை. கேரண்டியும் பொய். நீதிமன்றம் எத்தனை நாளில் உத்தரவு போடும் என்று எந்த வக்கீலாலும் உறுதி கொடுக்க முடியாது.

விளம்பரத் தடையின் நோக்கம் நல்லதுதான். சட்டத்தொழில் சந்தைக் கடை ஆகிவிடக் கூடாது. ஆனால் அதன் மறுபக்கத்தை யாரும் பேசுவதில்லை. தெரிந்தவர் மூலம் போகும் வாய்ப்புள்ளவருக்கு நல்ல வக்கீல் கிடைக்கிறார். சென்னையில் யாரையும் தெரியாத, வேலைக்காக வந்து குடியேறிய குடும்பத்துக்கு கோர்ட் வாசலில் நிற்கும் புரோக்கர்தான் கிடைக்கிறார். இன்னொரு அடியும் சேர்ந்தது. வக்கீலின் சேவைக் குறைபாட்டுக்காக நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போக முடியாது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தொழில் ஒழுங்கீனம் என்றால் மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அந்தப் பாதை இருக்கிறது. ஆக, தேர்ந்தெடுக்கும்போது விவரமும் குறைவு, தவறிவிட்டால் தீர்வும் குறைவு. விளம்பரம் கூடாது என்று சொல்லும் பார் கவுன்சில், எந்த வக்கீல் எந்தத் துறையில் தொழில் செய்கிறார் என்று பொதுமக்கள் நம்பித் தேடக்கூடிய பட்டியலைத் தானே தர வேண்டும். அது விளம்பரம் ஆகாது.

அதுவரை, போனிலேயே செய்யக்கூடிய ஒரு நல்ல சோதனை உண்டு. இ-கோர்ட்ஸ் சர்வீசஸ் ஆப்பில் வக்கீலின் பெயரைப் போட்டு வழக்குகளைத் தேடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் உயில் மனுக்கள் ‘ஓ.பி.’ என்ற வகையில் வரும். யாராவது எதிர்த்தால் அது ‘டி.ஓ.எஸ்.’ என்ற உயில் வழக்காக மாறும். ஓ.பி. வகையில் வேறு மனுக்களும் வரும் என்பதால், வழக்கு விவரத்தைத் திறந்து பார்ப்பது நல்லது. ஒருவர் இந்த வேலையில் பழக்கப்பட்டவரா, கிரிமினல் கேஸ் மட்டும் பார்ப்பவரா என்று ஓரளவு தெரிந்துவிடும். மாவட்டங்களில் மாவட்ட நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்பதால், அங்கே தினமும் ஆஜராகும் உள்ளூர் வக்கீலே வசதி. சென்னையில் பெரிய பெயர் என்பதற்காகத் திருநெல்வேலி கேஸுக்கு இங்கிருந்து ஆளை அனுப்பத் தேவையில்லை.

முதல் சந்திப்பில் யார் என்ன கேட்கிறார்?

வக்கீலிடம் என்ன கேட்கணும் என்று பட்டியல் தயார் செய்துகொண்டு போகிறவர்கள் உண்டு. அதைவிட, வக்கீல் என்ன கேட்கிறார் என்று கவனிப்பது நல்லது. “ஒரிஜினல் உயில் யார்கிட்ட இருக்கு? சாட்சி ரெண்டு பேரும் இருக்காங்களா? எக்ஸிகியூட்டர் யாரு? வாரிசு எத்தனை பேர், யாராவது மனசு வருத்தத்துல இருக்காங்களா தம்பி?” என்று கேட்பவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. எடுத்த எடுப்பில், “ஃபிளாட் எந்த ஏரியா, இன்னைக்கு என்ன ரேட் போகுது?” என்று மட்டும் கேட்பவரிடம் கொஞ்சம் உஷார். நீதிமன்றக் கட்டணம் கணக்கிட சொத்து மதிப்பு தேவைதான். ஆனால் அது முதல் கேள்வியாக இருக்க வேண்டியதில்லை.

“உங்களுக்கு புரோபேட்டே தேவையில்லை, இந்த இந்த ஆபீஸ்ல இப்படி மனு கொடுங்க” என்று சொல்லி ஆலோசனைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்புகிற வக்கீல் கிடைத்தால், அவர் நம்பரை பத்திரமாக சேவ் செய்துகொள்ளுங்கள்.

குடும்ப வக்கீல் இருக்கிறாரே, அவரிடமே கொடுத்துவிடலாமா? பல வீடுகளில் இதுதான் நடக்கும். அவர்தான் உயிலை எழுதிக் கொடுத்தவர், அப்பாவின் நண்பர், ஒரு சாட்சியாகவும் கையெழுத்துப் போட்டிருப்பார். அங்கேதான் சிக்கல். தான் சாட்சி சொல்ல வேண்டிவரும் வழக்கில் வக்கீலாக ஆஜராகக் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. அவர் சாட்சியாகவே இருக்கட்டும், வழக்கை வேறொருவர் நடத்தட்டும். அங்கிளிடம் இதைச் சொல்ல சங்கடமாக இருக்கும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் கோர்ட்டில் சொல்லும்போது இன்னும் சங்கடம்.

இன்னொன்று. எக்ஸிகியூட்டரின் வக்கீல், எல்லா வாரிசுகளுக்கும் பொதுவான வக்கீல் கிடையாது. பெரியப்பா எக்ஸிகியூட்டர், அவர் வைத்த வக்கீல் ஒரு சம்மதப் பத்திரத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி, “சும்மா ஃபார்மாலிட்டிம்மா, கையெழுத்து போட்டு அனுப்பு” என்றால், அமெரிக்காவில் இருக்கும் மகள் அதை இங்கே வேறு ஒரு வக்கீலிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுவது அவளுடைய உரிமை. அதைப் பகை என்று குடும்பம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

கட்டணம்: சதவீதம் பேசினால் எழுந்து வந்துவிடலாம்

“சொத்து மதிப்புல ரெண்டு பர்சன்ட் கொடுத்துடுங்க” அல்லது “முடிச்சுக் கொடுத்த பிறகு ஃபிளாட் வித்த பணத்துல பார்த்துக்கலாம்” என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் நிர்ணயிப்பதும், கிடைப்பதில் பங்கு கேட்பதும் இந்திய வக்கீல்களுக்குத் தடை செய்யப்பட்டவை. அமெரிக்க சீரியலில் பார்த்தது இங்கே செல்லாது.

கேட்க வேண்டியது பிரித்த கணக்கு. வக்கீல் ஃபீஸ் எவ்வளவு, நீதிமன்றக் கட்டணம் எவ்வளவு, நாளிதழ் அறிவிப்பு, டைப்பிங், குமாஸ்தா செலவு, சான்றிட்ட நகல் எல்லாம் எவ்வளவு. யாராவது எதிர்ப்பு மனு போட்டு வழக்காக மாறினால் ஃபீஸ் எப்படி மாறும் என்பதையும் அன்றே பேசிவிட வேண்டும். பெரும்பாலான மனஸ்தாபம் அங்கேதான் ஆரம்பிக்கிறது. யாரும் எதிர்க்காத மனு மாதக் கணக்கில் முடியலாம். எதிர்த்தால் வருஷக் கணக்கு. பேசியதை ஒரு மெயிலாகவோ, வாட்ஸ்அப் செய்தியாகவோ அனுப்பி, “சரிதானே சார்?” என்று கேட்டு வைத்துக்கொள்ளலாம். பணத்தை ஒரே தவணையில் கொடுக்காமல், மனு தாக்கல், நோட்டீஸ், சாட்சி விசாரணை என்று கட்டம் கட்டமாகக் கொடுக்கலாம்.

பணமே பிரச்சினை என்றால், சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலே இலவச சட்ட உதவி பெறும் உரிமை 1987-ம் ஆண்டு சட்டத்தில் உண்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். கணவரை இழந்து நிற்கும் அம்மாவுக்கு இந்த உரிமை இருக்கிறது என்பது பல பிள்ளைகளுக்கே தெரியாது.

வக்காலத்து போட்ட பிறகு

ஒரிஜினல் உயிலைக் கொடுக்கும் முன் ஒவ்வொரு பக்கத்தையும், பின்பக்கத்தையும் சேர்த்து, ஸ்கேன் செய்து வைக்க வேண்டும். மனுவோடு ஒரிஜினலைத்தான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால் கொடுக்காமல் இருக்க முடியாது. ஆனால் பெற்றுக்கொண்டதற்கு வக்கீல் ஆபீஸில் ஒரு கையெழுத்து வாங்கிவிடலாம். தப்பாக நினைக்க மாட்டார்கள். நல்ல ஆபீஸ்களில் இது வழக்கம்தான்.

மனு எண்ணாகிவிட்டது என்று சொன்னால் சி.என்.ஆர். எண்ணைக் கேளுங்கள். 16 எழுத்து, எண் கலந்த அந்த அடையாளத்தை இ-கோர்ட்ஸ் ஆப்பில் போட்டால் அடுத்த வாய்தா எப்போது, கடைசி வாய்தாவில் என்ன நடந்தது என்று தெரிந்துவிடும். “கேஸ் நடக்குது சார்” என்ற பதிலை நம்பி ஆறு மாசம் உட்கார்ந்திருக்க வேண்டாம். புரோபேட் வந்த பிறகும் எக்ஸிகியூட்டருக்கு வேலை முடிவதில்லை. ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும், ஒரு வருடத்துக்குள் வரவு செலவுக் கணக்கும் நீதிமன்றத்தில் கொடுக்க வேண்டும். உத்தரவு கைக்கு வந்த சந்தோஷத்தில் பலர் மறந்துவிடும் விஷயம் இது. இதையும் அந்த வக்கீலே முடித்துத் தருவாரா என்று முதல் நாளே கேட்டு வைப்பது நல்லது.

ஒத்துவரவில்லை, வக்கீலை மாற்ற வேண்டும் என்றால் மாற்றலாம். முதலில் அவரிடமே ஆட்சேபனை இல்லை என்று எழுதிக் கேட்பது வழக்கம். “பாக்கி ஃபீஸ் கொடுத்தாத்தான் கட்டைத் தருவேன்” என்று அவர் சொன்னால், ஃபீஸ் பாக்கிக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்து வைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2000-லேயே சொல்லிவிட்டதை நினைவுபடுத்தலாம். பாக்கியை வசூலிக்க அவருக்கு வேறு வழி இருக்கிறது. உங்கள் ஆவணங்களை அவர் திருப்பித் தந்தாக வேண்டும்.